ஞாயிற்றுக்கிழமை ஓடாத படகு

எங்கள் கல்லூரியில் கட்டற்ற மென்பொருள் கழகம் தொடங்குவதென்று முடிவெடுத்த கூட்டத்தன்று நான் பல்வலியோடு வீட்டில் கிடந்தேன். மறுநாள் வந்து பார்த்தால் நான்தான் கழகத்தின் ஆலோசகர். கூட்டத்துக்கு வராதவன் தலையில் வேலையைக் கட்டுவது எங்கள் கல்லூரியின் எழுதப்படாத சட்டம். எங்கள் கூட்டங்களுக்கு இத்தனை பேர் வருவது அக்கறையால் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

கழகத்துக்குத் தலைவர், இரண்டு துணைத் தலைவர்கள், செயலாளர், இணைச் செயலாளர்கள், பொருளாளர் என்று எல்லோரும் முதல் நாளே தேர்வாகியிருந்தார்கள். தலைவன் அபிநந்த், கடைசி வருட மாணவன். தோளில் மடிக்கணினிப் பை இல்லாமல் நான் அவனைப் பார்த்ததில்லை. அந்தப் பையிலிருந்து மடிக்கணினி வெளியே வந்தும் பார்த்ததில்லை.

"காசே வாங்காம செய்யுற வேலைக்குப் பொருளாளர் எதுக்குடா?" என்று கேட்டேன்.

"பொருளாளர் இல்லாம கமிட்டி எப்படி சாரே?" என்று, பல்வலி மூளைக்கு ஏறிவிட்டதோ என்பதுபோல என்னைப் பார்த்தான்.

தொடக்கவிழாவில் முதல்வர் டாக்டர் மனோகரப் பணிக்கர் குத்துவிளக்கேற்றி, அறிவுக்கு வேலி போடுகிறவன் மனிதகுலத்தின் எதிரி என்று பேசினார். கைதட்டல் அடங்க நேரமானது. கணினி ஆய்வகத்தின் சாவி அப்போதும் அவருடைய மேசை இழுப்பறையில்தான் இருந்தது. விழா முடிந்து சாயாவும் பரிப்புவடையும் கொடுத்தார்கள். மென்பொருளில் ஒரு வரியாவது எழுதப்போவது யார் என்ற கேள்வியை யாரும் எழுப்பவில்லை. எழுப்பியிருந்தால் அதற்கும் ஒரு துணைக்குழு போட்டிருப்பார்கள்.

அடுத்த வாரம் ரின்ஷா வந்தாள். இரண்டாம் வருட மாணவி. காயலுக்கு நடுவே நெடுந்துருத்து என்ற தீவிலிருந்து தினமும் படகில் வருகிறவள். ஆய்வக வாசலில் நின்றுகொண்டு உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"சார், இந்தக் கழகத்துல நிஜமாவே ஏதாவது பண்ணுவாங்களா? இல்ல கூட்டம் மட்டும்தானா?"

கழகம் தொடங்கியதிலிருந்து என் காதில் விழுந்த முதல் அறிவுள்ள கேள்வி அது. உட்காரச் சொன்னேன்.

அவள் பிரச்சினை இதுதான். எங்கள் பக்கத்தில் எல்லார் செல்பேசியிலும் 'கடவு' என்றொரு செயலி உண்டு. எந்தத் துறையில் எந்தப் படகு எப்போது வரும் என்று சொல்லும். யாரும் சம்பளம் வாங்காமல், விருப்பமுள்ளவர்கள் கூடிச் செய்கிற மென்பொருள். அது ஒரேயொரு விஷயத்தில் பொய் சொன்னது. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி டவுனிலிருந்து நெடுந்துருத்துக்குக் கடைசிப் படகு உண்டு என்றது. ஞாயிறு அந்தப் படகு ஓடுவதே இல்லை. சாயங்காலத்தோடு சரி.

"எங்க இத்தா, அதான் அக்கா, டவுன்ல ஒரு ஆஸ்பத்திரியில நர்ஸ், சார். ஷெமீனா. ஞாயித்துக்கிழமை டியூட்டி வந்தா, சாயங்காலப் படகுக்கு விடுங்கன்னு மேட்ரன்கிட்ட கேக்குறா. அந்தம்மா போனை எடுத்து நீட்டுறாங்க. ராத்திரிப் படகு இருக்கே, பாருன்னு."

"இல்லைன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா. பொறந்ததுலேர்ந்து அந்தப் படகுல போறவ நான்னு சொன்னா. போன்ல இருக்கே, போன் பொய் சொல்லுமா, வேலைக்கு டிமிக்கி குடுக்குறியான்னு கேட்டாங்களாம். போன ஞாயிறு ராத்திரி வாப்பாதான் மழையில வள்ளத்துல துடுப்பு போட்டுப் போய்க் கூட்டிட்டு வந்தாரு. இன்னும் ஒரு தடவை இப்படி ஆச்சுன்னா வேலையும் வேணாம் ஒண்ணும் வேணாம்னு சொல்லிட்டாரு. வாப்பா சொன்னா சொன்னதுதான் சார்."

மனுஷி சொல்வதை நம்பாமல் செல்பேசி சொல்வதை நம்பும் மேட்ரனை என்ன செய்ய முடியும்? செல்பேசியைத்தான் திருத்த வேண்டும். அதற்குத்தான் இந்தப் பெண் வந்திருந்தாள்.

'கடவு' மென்பொருளின் குறைப்பலகையைத் திறந்து பார்த்தோம். அது யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய பக்கம். இன்னின்ன குறை இருக்கிறது என்று எழுதிப் போட்டிருக்கும். செய்ய முன்வருகிறவர், நான் செய்கிறேன் என்று கீழே எழுதித் தன் பெயருக்கு ஒதுக்கி வாங்கிக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமைப் படகு அங்கே ஏற்கெனவே இருந்தது. 'புதிதாக வருகிறவர்களுக்கு ஏற்ற எளிய வேலை' என்று பச்சைச் சீட்டு வேறு ஒட்டியிருந்தது. கீழே, போன ஓணத்துக்கும் முன்னால், ஒருவன் எழுதியிருந்தான்: "இதை நான் செய்கிறேன். எனக்கு ஒதுக்குங்கள்."

ஒதுக்கியிருந்தார்கள். அவன் பெயர் அபிநந்த்.

அந்த ஒன்று மட்டுமல்ல. பலகையில் பச்சைச் சீட்டு ஒட்டிய எல்லா வேலையிலும் எங்கள் தலைவனின் பெயர் இருந்தது. ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பவனைப் பார்த்திருக்கிறோம். இவன் பேருந்து முழுக்கத் துண்டு போட்டுவிட்டு, பேருந்தில் ஏறாமலே வீட்டுக்குப் போய்விட்டான்.

கேன்டீனில் பழம்பொரி தின்றுகொண்டிருந்தவனைப் பிடித்தோம்.

"அந்த ஞாயித்துக்கிழமைப் படகு வேலையை எப்போ முடிக்கப்போறீங்க சேட்டா?" என்று ரின்ஷா கேட்டாள்.

"அது பைப்லைன்ல இருக்கு மோளே."

"எந்த பைப்?" என்று நான் கேட்டேன்.

"சாரே, அப்படியெல்லாம் திடீர்னு பண்ணிட முடியாது. ஆழமாப் படிக்கணும். என் பயோடேட்டாவுல 'கடவு மென்பொருளில் பதினேழு பணிகள்'னு போட்டிருக்கேன். ஒண்ணை எடுத்தா கணக்கு உதைக்கும்."

"செஞ்சு முடிச்ச பணின்னா போட்டிருக்க?"

"முடிச்சதுன்னு எங்கயும் போடல. பணிகள்னுதான் போட்டிருக்கேன்." இதைச் சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு வக்கீலின் அமைதி இருந்தது.

"சேட்டா, எனக்கு அந்த ஒண்ணு மட்டும் குடுங்க. மிச்சம் பதினாறையும் நீங்களே வச்சுக்கோங்க."

அபிநந்த் யோசித்தான். செயலாளரிடம் பேச வேண்டும் என்றான். செயலாளர் பக்கத்து மேசையிலேயே முட்டைப் பப்ஸ் தின்றுகொண்டிருந்ததால் அந்தச் சாக்கு எடுபடவில்லை. கடைசியில் இறங்கி வந்தான். வேலையை விட்டுக்கொடுக்கிறேன், ஆனால் திருத்தம் கழகத்தின் பெயரில், கல்லூரி கொடுத்த மின்னஞ்சல் முகவரியிலிருந்துதான் போக வேண்டும், பெயருக்குப் பக்கத்தில் கல்லூரியின் முழுப்பெயர் இருக்க வேண்டும். எங்கள் கல்லூரியின் முழுப்பெயர், அதை நிறுவியவரின் அப்பா பெயரையும் சேர்த்து, இரண்டு வரி வரும்.

"சரி" என்றாள் ரின்ஷா. படகு கிடைத்தால் போதும் என்றிருந்தாள்.

அதற்குப்பின் அவள் பட்ட பாட்டை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். சாவிக்கு முதல்வர் அறை வாசலில் காத்திருக்க வேண்டும். சாவி கிடைத்தால் கரண்ட் இருக்காது. கரண்ட் வந்தால், அந்த மென்பொருளை நம் கணினியில் இறக்கி ஓட்டிப்பார்க்கத் தேவையான பக்கங்களையெல்லாம் கல்லூரியின் இணையக் காவல் தடுத்து, 'இது பொழுதுபோக்குத் தளம்' என்று சிவப்பில் எச்சரிக்கும். அறிவுக்கு வேலி போடுகிறவன் எதிரி என்று பேசிய வாயின் உத்தரவுதான் அதுவும்.

எல்லாம் தாண்டி உள்ளே போனால், 'புதியவர்களுக்கான வழிகாட்டி' என்ற பக்கம். அதை எழுதியவர் எல்லாம் தெரிந்தவர். எல்லாம் தெரிந்தவர்கள் எழுதும் வழிகாட்டிகள் எல்லாம் தெரிந்தவர்களுக்கு மிகவும் உதவும். நாலாவது படியில் இல்லாத ஒரு கோப்பைத் திறக்கச் சொன்னது. ரின்ஷா குறைப்பலகையில் போய், நாலாவது படி ஓடவில்லை, என்ன செய்வது என்று பணிவாகக் கேட்டாள்.

மென்பொருளைப் பார்த்துக்கொள்கிறவர் மினிமோள் என்றொரு பெண்மணி. வைக்கம் பக்கம் ஒரு கூட்டுறவு வங்கியில் காசாளர். பகலில் அடகு நகைக்கு ரசீது கிழிப்பதும், மிச்ச நேரத்தில் ஊருக்கெல்லாம் படகு நேரம் சொல்வதும் அவர் வேலை. அவரிடமிருந்து ஒரு வரி வந்தது.

"வழிகாட்டியைப் படி."

"படித்தேன். நாலாவது படி தப்பு" என்று ரின்ஷா எழுதினாள்.

"தப்பு என்று தெரிந்தால் திருத்தி அனுப்பு."

"என்ன சார் இது? உதவி கேட்டா வேலை குடுக்குறாங்க" என்று என்னிடம் அலுத்துக்கொண்டாள்.

"உன்னை ஆளா மதிச்சிருக்காங்கன்னு வச்சுக்கோ."

"மதிக்கிறவங்க ஒரு ஹலோ சொல்லலாம்ல?"

ஆனால் திருத்தினாள். வழிகாட்டியின் நாலாவது படியையும், ஞாயிற்றுக்கிழமைப் படகையும். கோளாறு இருந்த இடம் சின்னது. ஞாயிறு விடுமுறைக் கணக்கை மென்பொருள் தீவிலிருந்து கிளம்பும் படகுகளுக்கு மட்டும் பார்த்தது. டவுனிலிருந்து திரும்பும் படகுகளுக்குப் பார்க்க மறந்திருந்தது. நாலைந்து வரிதான். கல்லூரியின் இரண்டு வரிப் பெயரோடு சேர்த்துத் திங்கட்கிழமை அனுப்பிவைத்தாள். மினிமோள் அன்றே பதில் போட்டார்: "மற்ற துறைகளுக்கு இது எதையும் கெடுக்கவில்லை என்று எப்படித் தெரியும்? சோதனை எழுது." எல்லாப் படகுத்துறைக்கும் நேரம் சரியாக வருகிறதா என்று தானே பார்த்துச் சொல்லும் சோதனை நிரலை எழுத ரின்ஷா உட்கார்ந்தாள்.

அங்கே நின்றிருந்தால் எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். எங்கள் ஊரில் எதுவும் அங்கே நிற்பதில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் கல்லூரி வாசலில் ஒரு ஃப்ளெக்ஸ் தொங்கியது. லாரியை மூடும் அளவு. இடப்பக்கம் நிர்வாகக் குழுத் தலைவர், ஆளுயரம். வலப்பக்கம் முதல்வர், இடுப்பளவு. நடுவில் அபிநந்த், கையைக் கட்டிக்கொண்டு தூரத்து எதிர்காலத்தைப் பார்த்தபடி. கீழ் மூலையில் ரின்ஷா. அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கியதில் முகம் கட்டம் கட்டமாக உடைந்திருந்தது. 'உலக மென்பொருள் வரலாற்றில் தடம் பதித்த எங்கள் மாணவிக்கு அபிவாதனங்கள்! வெள்ளிக்கிழமை மாபெரும் பாராட்டு விழா. தலைமை: மாண்புமிகு எம்.எல்.ஏ.'

ரின்ஷா முதல்வர் அறைக்கு ஓடினாள். ஆலோசகன் என்ற முறையில் நானும் பின்னால் போனேன்.

"சார், அவங்க இன்னும் அதை எடுத்துக்கவே இல்ல சார்."

"எடுத்துக்காம எங்க போயிடுவாங்க மோளே?" என்றார் பணிக்கர். "கொழந்தை பொறந்தப்புறமா தொட்டில் கட்டுறோம்? முன்னாடியே கட்டி வைக்கிறதில்லையா?"

"சோதனை எழுதச் சொல்லியிருக்காங்க சார். ரெண்டு நாள் ஆகும்."

"எழுது. நல்லா எழுது. நமக்கு எதுலயும் பயமில்ல." பக்கத்தில் நின்ற அபிநந்தைப் பார்த்தார். "அந்த மினிமோள் யாரு, நமக்குத் தெரிஞ்ச ஆளா?"

"பேங்க்ல கேஷியராம் சார்."

"கேஷியரா? அவங்களா நம்ம காலேஜோட வேலையைச் சரிபார்க்கிறது?" முதல்வர் நாற்காலியில் நிமிர்ந்தார். "மாணவர் பலம் என்னன்னு அவங்களுக்குக் காட்டணும். அபிநந்தா, எல்லாப் பிள்ளைங்களையும் அந்தப் பக்கத்துல போய் ஆதரவு தெரிவிக்கச் சொல்லு. எத்தனை பேர் பின்னால இருக்காங்கன்னு பார்த்தா எடுத்துக்காம என்ன பண்ணுவாங்க?"

"சார், அது அப்படி இல்ல..." என்று நான் தொடங்கினேன்.

"நீங்க அன்னிக்கும் மீட்டிங்குக்கு வரல" என்றார் முதல்வர்.

மத்தியானம் உத்தரவு எல்லா வகுப்புக்கும் போனது. ஆதரவு எழுதுகிறவர்களுக்கு அன்றைய கடைசி இரண்டு மணிநேரத்துக்கு வருகைப் பதிவு உண்டு. அறுபத்தெட்டு சதவீத வருகையோடு தேர்வெழுத முடியாமல் தொங்கிக்கொண்டிருந்தவர்கள் எங்கள் கல்லூரியில் ஏராளம். மெக்கானிக்கல், சிவில் என்று பாகுபாடில்லாமல், படகு என்றால் என்ன, மென்பொருள் என்றால் என்ன என்று கேட்காமல், எல்லாரும் கல்லூரி முகவரியிலிருந்து அந்தப் பக்கத்தில் போய் இறங்கினார்கள்.

'சூப்பர் சேச்சி.' 'பொளிச்சு!' 'சார், ப்ளீஸ் இதை எடுத்துக்குங்க சார்.' 'எங்கள் ஒற்றுமையை உடைக்க முடியாது.' ஒருவன் பூங்கொத்துப் படங்களாகப் போட்டுத் தள்ளினான். ஒருவன் தனக்கு வேலை இருக்கிறதா என்று கேட்டுச் செல்பேசி எண் கொடுத்திருந்தான். 'எனக்கும் ஏதாவது ஒதுக்குங்கள்' என்று முப்பது பேர். ஒரு சிவில் மாணவன், டவுனுக்குக் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று கேட்டிருந்தான். அந்தக் கூட்டத்திலேயே விஷயத்தோடு சம்பந்தமுள்ள வாக்கியம் அது ஒன்றுதான்.

ஒவ்வொரு ஆதரவுக்கும் வைக்கத்தில் ஒரு காசாளரின் செல்பேசி மணியடித்தது. நகையோடு வரிசையில் நின்றவர்கள் என்ன சொன்னார்கள் என்று தெரியாது. சாயங்காலம் அந்தப் பக்கத்தைப் பூட்டிவிட்டு மினிமோள் எழுதியிருந்தது மட்டும் தெரியும்.

"இது படகு நேரம் பார்க்கிற இடம். கல்யாண மண்டபம் இல்லை. இந்தக் கல்லூரியின் பெயரிலோ முகவரியிலோ வரும் எதையும் இனிமேல் 'கடவு' ஏற்காது."

புதன்கிழமை காலையில் ரின்ஷா ஆய்வகத்தில் உட்கார்ந்திருந்தாள். எதிரே திரை அணைந்திருந்தது. அழுதிருப்பாள் என்று பயந்தேன். இல்லை, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"சோதனை எல்லாம் எழுதி முடிச்சிட்டேன் சார். நேத்து சாயங்காலம். அனுப்பலாம்னு போனா கதவு சாத்தியிருக்கு." விசைப்பலகையைத் தள்ளி வைத்தாள். "இந்த ஞாயிறும் இத்தாவுக்கு டியூட்டி."

"மினிமோளோட நம்பர் 'கடவு' பக்கத்துல இருக்கு. பேசிப் பாரேன்."

"திட்டுவாங்க சார்."

"திட்டட்டும். இங்க எல்லாரும் பாராட்டிப் பாராட்டித்தானே இந்த கதி ஆச்சு?"

ஒலிபெருக்கியில் போட்டுப் பேசினாள். பின்னணியில் நோட்டெண்ணும் இயந்திரம் சடசடத்துக்கொண்டிருந்தது.

"யாரு?"

"சேச்சி, நான் ரின்ஷா. அந்த ஞாயித்துக்கிழமைப் படகு..."

"ஓ, நீதானா! எடி, என் போன் சூடாகி பேட்டரி உப்பிருச்சு தெரியுமா? மேனேஜர் கூப்பிட்டுக் கேக்குறாரு, உங்களுக்கு என்ன இன்னிக்கு கல்யாண நாளான்னு."

"நான் சொல்லி யாரும் போடல சேச்சி. எனக்குத் தெரியவே தெரியாது."

"தெரியும். நீ எழுதின கோடிங்கைப் பார்த்தேன். கோடிங் நல்லாத்தான் இருக்கு. எரிச்சலே அதுதான். மோசமா இருந்தா நிம்மதியாத் தூக்கிப் போட்டிருப்பேன்." இடையில் யாரிடமோ, "பத்து ரூவா சில்லறை இருக்கா பாருங்க" என்றார். பிறகு, "உனக்குச் சொந்தமா ஒரு மெயில் கிடையாதா?"

"இருக்கு சேச்சி."

"அப்புறம் எதுக்கு ஊர்வலத்தோட வந்தே?"

ரின்ஷா என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே ஃப்ளெக்ஸ் காற்றில் புடைத்துக்கொண்டிருந்தது.

"சொந்த மெயில்ல இருந்து அனுப்பு. ஊர்க்காரப் பொண்ணா அனுப்பு. காலேஜ் பேரு ஒரு எழுத்துகூட இருக்கக்கூடாது. இருந்துச்சுன்னா அந்தப் பட்டாளம் மறுபடி வரும், நான் போனைக் காயல்ல எறிஞ்சிடுவேன். சோதனை எழுதினியா?"

"எழுதிட்டேன்."

"திருவிழா நாள்ல ஸ்பெஷல் படகு விடுறாங்களே, அதுக்கும் பார்த்தியா?"

"...இல்ல சேச்சி."

"அதையும் பாரு." இணைப்பு துண்டிக்கப்பட்டது.

ரின்ஷா செல்பேசியைக் கீழே வைத்தாள். "சார், காலேஜ் பேரு இல்லாம அனுப்பினா பிரச்சினை வருமா?"

"வரும்."

"பெருசாவா?"

"கூட்டம் போடுவாங்க. தீர்மானம் போடுவாங்க. இன்டர்னல் மார்க்குல கை வைப்பாங்க. வெள்ளிக்கிழமை மேடையில உன் பேரு இருக்காது."

"இத்தாவுக்கு வேலை இருக்குமே சார்" என்றாள். சொல்லிவிட்டுத் திரையைப் போட்டாள்.

திருவிழாப் படகையும் சேர்த்துச் சோதித்து அனுப்பினாள். 'ரின்ஷா, நெடுந்துருத்து' என்று மட்டும் போட்டிருந்தது. மினிமோள் இன்னும் இரண்டு தடவை திருப்பி அனுப்பினார். ஒரு தடவை காரணத்தோடு, இன்னொரு தடவை ஒரு இடைவெளி கூடுதலாக இருக்கிறதென்று. ரின்ஷா மேசையைக் குத்தினாள், திட்டினாள், திருத்தினாள். வியாழக்கிழமை மத்தியானம் திருத்தம் ஏற்கப்பட்டது. வாழ்த்து கிடையாது, பூங்கொத்து கிடையாது. 'சேர்த்தாயிற்று' என்று ஒரே சொல். அதற்குக் கீழே, அபிநந்த் துண்டு போட்டிருந்த மற்ற பதினாறு வேலைகளிலிருந்தும் அவன் பெயரை எடுத்துவிட்டு, அவற்றில் நாலை ரின்ஷாவுக்கு ஒதுக்கியிருந்தார். அவளைக் கேட்கவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் முதல்வர் அறையில் அவசரக் கூட்டம். இந்தத் தடவை நான் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்துகொண்டேன்.

"காலேஜ் பேரு எங்க?" பணிக்கர் தன் செல்பேசியை மேலும் கீழும் தள்ளித் தேடினார். "நெடுந்துருத்துன்னு போட்டிருக்கு. நெடுந்துருத்துல எந்த இன்ஜினியரிங் காலேஜ் இருக்கு?"

"காலேஜ் பேரு இருந்தா எடுத்துக்க மாட்டோம்னு சொன்னாங்க சார்" என்றாள் ரின்ஷா.

"ஏன் அப்படிச் சொன்னாங்க?"

"நாம ஆதரவு தெரிவிச்சதால சார்."

முதல்வர் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன்.

"இது துரோகம் சாரே" என்றான் அபிநந்த். அவன் குரலில் உண்மையான வலி இருந்தது, பதினேழும் போனவன். "கழகத்தோட வேலையைத் தனிப்பட்ட முறையில வெளியே கொண்டுபோயிருக்கா. விதிப்படி உறுப்பினர் பதவியிலேர்ந்து நீக்கணும்."

"எந்த விதி?" என்று கேட்டேன்.

"எழுதிட்டிருக்கோம்."

"சரி, அந்தப் பேரை இப்போ சேர்க்க முடியுமா, முடியாதா?" முதல்வர் கடைசியாகக் கேட்டார். "நாளைக்கு எம்.எல்.ஏ. வர்றாரு. ஒரு போன் போட்டு அந்தக் கேஷியர்கிட்ட..."

"சேர்த்தா திருத்தத்தையே தூக்கிடுவாங்க சார்" என்றாள் ரின்ஷா. கண்ணைத் தாழ்த்தவில்லை. "ஞாயித்துக்கிழமை மறுபடி இல்லாத படகு வந்துடும். நான் போட மாட்டேன் சார். நீங்க வேணும்னா என்னை நீக்கிடுங்க."

நீக்கினார்கள். தீர்மானத்தை அபிநந்த் முன்மொழிய, முட்டைப் பப்ஸ் செயலாளர் வழிமொழிந்தான். பொருளாளர் கைதூக்கினார், கழகத்தில் அவர் செய்த முதல் காரியம் அதுதான். எதிர்த்து ஒரு கை. ஆலோசகருக்கு ஓட்டு கிடையாது என்று சொல்லி அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

விழாவை நிறுத்த முடியாது. அழைப்பிதழ் போய்விட்டது, பந்தலும் போட்டாகிவிட்டது. ஆகவே வெள்ளிக்கிழமை காலையில் வாட்ச்மேன் ஏணி போட்டு ஏறி, ஃப்ளெக்ஸில் ரின்ஷாவின் முகத்தின் மேல் வெள்ளைக் காகிதம் ஒட்டினார். நாலு நாளாக அந்தப் பக்கம் திரும்பியும் பார்க்காதவர்கள்கூட அன்று நின்று, காகிதத்துக்கு அடியில் யார் என்று ஒருவரையொருவர் விசாரித்தார்கள். எம்.எல்.ஏ. வரவில்லை, வார்டு உறுப்பினரை அனுப்பியிருந்தார். தலைமைப் பண்புக்காக அபிநந்துக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். முதல்வர் பேசும்போது, அறிவை யாரும் தன் சொந்தச் சொத்தாக ஆக்கிக்கொள்ளக் கூடாது என்று ஒரு இடத்தில் குரலை உயர்த்தினார். யாரைக் குத்துகிறார் என்று எல்லாருக்கும் தெரிந்தது. குத்துப்பட வேண்டியவள் அந்நேரம் ஆய்வகத்தில் இருந்தாள். விழா மும்முரத்தில் சாவியை யாரும் கேட்டு வாங்கவில்லை.

திங்கட்கிழமை அவள் வருவதற்கு முன்பே நான் ஆய்வக வாசலில் நின்றிருந்தேன். காட்டிக்கொள்ளவில்லை.

"என்ன ஆச்சு?"

"எது சார்?" என்றாள், வேண்டுமென்றே. பிறகு பையைக் கீழே வைத்தாள். "நேத்து சாயங்காலம் இத்தா மேட்ரன்கிட்ட போய்க் கேட்டிருக்கா. அந்தம்மா வழக்கம்போல போனை எடுத்திருக்காங்க. மேல தள்ளிப் பார்த்தாங்களாம், கீழ தள்ளிப் பார்த்தாங்களாம். ராத்திரிப் படகைக் காணோம்."

"சரி, அப்புறம்?"

"'எடி ஷெமீனா, ஞாயித்துக்கிழமை உங்க ஊருக்கு ராத்திரிப் படகே கிடையாதாமே! இதை நீ முன்னாடியே சொல்ல வேண்டியதுதானே?'ன்னு கேட்டாங்களாம்."

எனக்கு ஆத்திரமாக வந்தது. "அதுக்கு உங்க இத்தா என்ன சொன்னா? நறுக்குன்னு ஏதாவது கேட்டாளா, இல்லையா?"

"எங்க சார்? பையை எடுத்துட்டு ஓடிட்டா" என்று சொல்லிவிட்டு ரின்ஷா கணினியைப் போட்டாள். "நின்னு பேசினா சாயங்காலப் படகும் போயிடும்ல."